மணிக்கட்டு, இடுப்பு வலியோடு சூரிய நமஸ்காரமா? 12 சுற்றை விடுங்கள், பாதியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வயது 43. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். செல்போனில் வீடியோ பார்த்து இரண்டு வாரமாகச் சூரிய நமஸ்காரம் செய்கிறேன். வீடியோவில் சொன்னபடி முதல் நாளே 12 சுற்று. இப்போது மணிக்கட்டும் இடுப்பும் வலிக்கின்றன. பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று நேரமே இல்லை. சாயங்காலம் செய்யலாமா? தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் 12 சுற்றை இன்றோடு நிறுத்துங்கள். வலி குறையும்வரை ஒரு வாரம் கையைத் தரையில் ஊன்றவும் வேண்டாம்.

சூரிய நமஸ்காரத்தில் 12 நிலைகள். வலது காலைப் பின்னால் வைத்து ஒரு முறை, இடது காலை வைத்து ஒரு முறை, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சுற்று என்று பல இடங்களில் கணக்கு. அப்படியானால் 12 சுற்று என்பது 24 முறை குனிந்து, உடம்பைக் கையில் தாங்கி, எழுவது. நாள் முழுக்கத் துணியைத் தள்ளித் தள்ளி ஏற்கெனவே களைத்த மணிக்கட்டு அதைத் தாங்காது.

கையை முதலில் பார்ப்போம். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையின் அடிப்பகுதியிலேயே மொத்த எடையையும் போட்டுவிடுகிறார்கள். விரல்கள் சும்மா கிடக்கும். விரல்களை நன்றாக விரியுங்கள். ஆள்காட்டி விரலின் அடிமேடும் கட்டைவிரலும் தரையை அழுத்தட்டும். வலி குறைந்த பிறகும் முதல் சில வாரங்களுக்கு ஒரு துண்டை மடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு மட்டும் கீழே வையுங்கள். விரல்கள் தரையில் இருக்கட்டும். மணிக்கட்டு பின்னால் மடங்கும் கோணம் குறையும், வலியும் குறையும்.

அதுவும் முடியாத நாளில் சமையல் மேடை இருக்கிறதே! மேடையின் விளிம்பில் கை வைத்து இரண்டடி பின்னால் தள்ளி நின்று, இடுப்பிலிருந்து குனிந்து முதுகை நீட்டுங்கள். கையும் காலும் ஊன்றி இடுப்பை மலைபோல் உயர்த்தும் பர்வதாசனம் முதுகுக்கும் தோளுக்கும் தருவதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். இந்த ஒரு வாரத்துக்கு அதுவே போதும். ஆனால் ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போய் எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால், அது ஆசனத்தால் மட்டும் வந்த வலியாக இருக்காது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். தையல்காரர்களுக்கு இது வரக்கூடியதுதான், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இடுப்பு வலிக்கு நான் சந்தேகப்படும் இடங்கள் மூன்று. இரண்டாம் நிலையில் கையைத் தூக்கி வில்லாய்ப் பின்னால் வளைவது வீடியோவில் அழகாக இருக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு அந்த வளைவு முழுவதும் இடுப்பின் ஒரே இடத்தில் போய் விழும். கையை மேலே தூக்கி, நெஞ்சை உயர்த்துவதோடு நிறுத்துங்கள். மூன்றாம் நிலையில் முட்டியை நேராக வைத்துத் தரையைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து தைப்பவருக்குத் தொடையின் பின்தசை இறுகியிருக்கும். முட்டியைத் தாராளமாக மடக்கி, வயிறு தொடையில் படும்படி குனியுங்கள். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்தில் தொப்புள் தரையிலேயே இருக்கட்டும், முழங்கை மடங்கியே இருக்கட்டும். கையை ஊன்றித் தள்ளி எழக்கூடாது. முதுகுத் தசை எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவுதான் உங்கள் உயரம்.

கால்விரல், முட்டி, கை, நெஞ்சு, தாடை மட்டும் தரையில் படும் அஷ்டாங்க நமஸ்காரத்தைத்தான் எளிது என்று நினைத்துப் பலர் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இப்போதைக்கு அது வேண்டாம். முட்டியை ஊன்றி, மெதுவாகக் குப்புறப் படுத்துவிடுங்கள். திரும்ப எழும்போது பின்னால் இருக்கும் கால் இரண்டு கைக்கும் நடுவே வராது. கணுக்காலைக் கையால் பிடித்து முன்னால் இழுத்து வையுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: நைட்டியில் செய்யாதீர்கள், கால் சிக்கும். சுடிதார் நல்லது.

இப்படி மாற்றினால் பலன் போய்விடுமா என்ற பயம் வேண்டாம். 12 நிலைகள் கொண்ட இந்தத் தொடர் பழைய யோக நூலான ஹட யோக பிரதீபிகையில் இல்லை. மகாராஷ்டிரத்தின் ஔந்த் சமஸ்தான அரசர் 1920களில் இதை உடற்பயிற்சியாகப் பரப்பினார். பிற்காலத்தில் சென்னைக்கு வந்து குடியேறிய யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றித்தான் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து முதல் மூன்று நிலைகளையும், அவற்றின் மறுவழியையும் மட்டும் செய்யுங்கள்: கும்பிட்டு நில், கை தூக்கு, குனி, எழு. அது சுலபமானதும் காலைப் பின்னால் வைக்கும் நிலையைச் சேருங்கள். அப்புறம் பர்வதாசனம், கடைசியில்தான் புஜங்காசனம். முழுத் தொடரும் வந்ததும் இரண்டு சுற்று, மறுநாள் வலி இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டலாம். நெஞ்சு விரியும்போது மூச்சை இழுங்கள், குனியும்போது விடுங்கள். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

பிபி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாத்திரையால் அளவு கட்டுக்குள் இருந்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மெதுவாகச் செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள். தலையைக் கீழே தொங்கவிட்டு நிற்காதீர்கள். சில பிபி மாத்திரைகளால் சட்டென்று எழும்போது கண் இருட்டும். எனவே குனிந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுங்கள். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), குடலிறக்கம், காலுக்குப் பரவும் முதுகு வலி, இதில் எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். இடுப்பு வலி காலில் இறங்கினால், மரத்துப்போனால், உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது.

சாயங்காலம் தாராளமாகச் செய்யலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லப்போனால் காலையில் விறைப்பாக இருக்கும் உடம்பு மாலையில் நன்றாகவே வளைந்துகொடுக்கும். கிழக்கைப் பார்த்து நின்றே ஆக வேண்டும் என்ற மனக்குறை இருந்தால் கடல் பக்கம் திரும்பி நில்லுங்கள். நம் ஊரில் அதுதான் கிழக்கு. அதற்காகக் கடற்கரைக்கே போக வேண்டாம். காசிமேட்டைத் தாண்டினால் பல இடங்களில் கற்கள் கொட்டிய கரை, பக்கத்திலேயே கண்டெய்னர் லாரிப் புழுதி. மணல் இருக்கும் இடத்திலும் கை புதைந்து மணிக்கட்டு இன்னும் கோணலாகும்.

மொட்டை மாடி நல்லது, சாயங்காலக் கடல்காற்றும் கிடைக்கும். ஆனால் மே மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகும் தளம் சுடும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் வழுக்கும். மணலி, எண்ணூர் பக்கத்திலிருந்து கெமிக்கல் வாடை வரும் நாளிலும், போகிப் புகையிலும், ஐப்பசி கார்த்திகையில் மாடி பாசி பிடிக்கும்போதும் ஹாலிலேயே செய்யுங்கள். ஆறடிக்கு இரண்டடி மேட் விரிக்க இடமும், கையைத் தூக்கினால் ஃபேனில் இடிக்காத இடைவெளியும் இருந்தால் போதும்.