எழும்பூர் மியூசியம்: கிழமை தப்பினால் காசு வீண்

கேள்வி: 4 வயது, 9 வயதுப் பிள்ளைகளோடு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு ஊர் திரும்ப முடியுமா? (வாசகி, காட்பாடி)

பதில்: தாராளமாக முடியும். முதலில் கிழமையைப் பாருங்கள். டெல்லி தேசிய அருங்காட்சியகமும் கொல்கத்தா இந்தியன் மியூசியமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். எழும்பூருக்கு வெள்ளி விடுமுறை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும் திறக்காது. மற்ற நாள்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை.

ரயில்தான் மலிவு. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். முன்பதிவில்லாப் பெட்டியில் சின்னவருக்கு டிக்கெட் வேண்டாம், 9 வயதுக்காரருக்கு அரை டிக்கெட். 200 கிலோமீட்டருக்குள் என்பதால் முந்தின நாளே எடுத்து வைக்க வழியில்லை. எடுத்த 3 மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். கவுண்டரில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று சொல்லிக் கேளுங்கள். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறி மாட்டினால் வித்தியாசத் தொகையோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். அங்கிருந்து மியூசியம் இருக்கும் பாந்தியன் சாலைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். சின்னவர் தாங்கமாட்டார் என்றால் ஆட்டோ.

1851-ல் தொடங்கிய இந்த மியூசியம் ஒரே கட்டடம் அல்ல, பெரிய வளாகம். முதல் கூடத்திலேயே பலகை பலகையாகப் படிக்க ஆரம்பித்தால் மதியத்துக்குள் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். காலையில் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் முடித்துவிடுங்கள். திமிங்கல எலும்புக்கூடு, யானை எலும்புக்கூடு எல்லாம் உள்ள விலங்கியல் பகுதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். அசதியிலும் பிள்ளைகள் ஓடுகிற இடம் அதுதான். வருகிற வழியில் அரக்கோணம் தாண்டியதும் திருவாலங்காடு ஸ்டேஷனைக் காட்டுங்கள். செப்புத் திருமேனிக் கூடத்தில் உலகப் புகழோடு நிற்கும் நடராஜர் அந்த ஊர்க்காரர்.

கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு. நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்; உள்ளே போனபின் திரும்பி நடக்க வேண்டியிருக்காது.

கேள்வி: வேலூர் கோட்டை மியூசியமும் வெள்ளி விடுமுறைதானா? (வாசகர், ஆற்காடு)

பதில்: ஆம். கோட்டைக்குள் மாநில அரசு மியூசியமும் மத்திய தொல்லியல் துறை மியூசியமும் தனித்தனி. இரண்டுக்கும் வெள்ளி விடுமுறை. மாநில அரசு மியூசியத்துக்கு இரண்டாம் சனியும் சேர்த்து.

கேள்வி: எங்கள் குடியிருப்பிலிருந்து 22 பேர் வேன் சுற்றுலா போனோம். துண்டறிக்கையில் ‘எழும்பூர் மியூசியம்’ என்று போட்டிருந்தார்கள். கூட்டிப்போனது வெள்ளிக்கிழமை. கேட்டால் ‘பயணத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது’ என்கிறார்கள். (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: வாராவாரம் வரும் விடுமுறை புயலோ மறியலோ அல்ல, நடத்துகிறவர் தெரிந்திருக்க வேண்டியது. இது சேவைக் குறைபாடு. துண்டறிக்கை, பணம் கட்டிய ரசீது, அன்றைய வாட்ஸ்அப் செய்திகள், மூடிய கேட்டின் படம் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 15 நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட் நல்லது. முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். வேன் ஓடியிருக்கிறது, சாப்பாடு போட்டிருக்கிறார்கள். விட்டுப்போன பகுதிக்கு உரிய தொகையையும் அலைச்சலுக்கு இழப்பீட்டையும் கேட்டால் மனு வலுவாக நிற்கும். பதில் இல்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக்கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஊர் சுற்றும்போது பவளப்பாறைத் துண்டு, ‘பழங்கால’ ஐம்பொன் சிலை என்று விற்கிறார்களே, வாங்கலாமா? (வாசகர், ஆரணி)

பதில்: பவளப்பாறையைத் தொடவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் குதிரையும் அப்படித்தான். விற்றவர் போய்விடுவார், கையில் வைத்திருக்கிற நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சிலை உண்மையிலேயே 100 வருடம் தாண்டியது என்றால் அது தொல்பொருள். அந்த வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், சிலைக்குப் பதிவும் வேண்டும். இரண்டையும் காட்டாதவர் சொல்கிற ‘பழங்கால’ பெரும்பாலும் புளி தேய்க்காத புதுசு. வீட்டுக்கு ஒரு நடராஜர் வேண்டுமென்றால் தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்தில் ரசீதோடு வாங்குங்கள். வெளியில் வாங்கினால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. தூக்கியும் பாருங்கள்: ரெசினில் வார்த்து வண்ணம் பூசியது, அளவுக்குக் கனமே இருக்காது. எடைக்கு விலை என்றால், பீடத்தோடா, பீடம் இல்லாமலா என்று கேட்டுவிட்டுத் தராசில் ஏற்றுங்கள்.