பதில்: நடைமுறைவாதம் வெறும் சமரசமா?

வணக்கம். இயற்கைக்குத் தன்னளவிலேயே மதிப்பு உண்டா என்பதைத் தீர்க்காமல் அணைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை எழுத இயலாது என்றும், கொள்கைகளை அவற்றின் நடைமுறை விளைவுகளைக் கொண்டு மதிப்பிடும் நடைமுறைவாதம் அக்கேள்வியிலிருந்து நழுவும் சமரசம் என்றும் எழுதியிருந்தீர்கள். முதற்கூற்றை நான் ஏற்கவில்லை. மனித நலனைப் பல தலைமுறைகளுக்கு விரித்துப் பார்ப்பவரும் இயற்கையின் தன்மதிப்பை நம்புபவரும் பெரும்பாலும் ஒரே கொள்கையை வந்தடைவார்கள் என்று அமெரிக்கச் சூழலியல் மெய்யியலாளர் பிரையன் நார்ட்டன் 1991இல் வாதிட்டார்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிட்டதால் கீழே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மணல்திட்டுகள் கரைந்துகொண்டிருந்தன. 1996 மார்ச் இறுதியில் நொடிக்கு 45,000 கன அடி நீரை ஏழு நாட்கள் திறந்துவிட்டு, ஆற்றிலேயே சோதித்துப் பார்த்தார்கள். திட்டுகள் உயர்ந்தன, ஆனால் நெடுநாள் நிலைக்கவில்லை. படுகையில் ஏற்கெனவே கிடக்கும் மணல் போதாது என்பது விளங்கியதால், 2004 நவம்பரில், பாரியா என்னும் துணையாறு புது மணலைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே மீண்டும் திறந்தார்கள். கொள்கையைக் கருதுகோளாக வைத்து, விளைவைக் கண்டு திருத்திக்கொள்வதைத்தான் நடைமுறைவாத மெய்யியலாளர் ஜான் டூயியும் வலியுறுத்தினார்.

உங்கள் இரண்டாம் கூற்றில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அணையே வேண்டுமா என்ற கேள்வியை அச்சோதனை தொடவில்லை. நானாக இருந்தால் கட்டுரையை அங்கிருந்துதான் தொடங்குவேன்.