பிடித்துத் தின்னும் பருவம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தைக்கென்று தனியாகக் கூழ் காய்ச்சி வடிகட்டி ஊட்டாமல், வீட்டார் சாப்பிடும் உணவிலிருந்தே அதற்கு ஏற்றதை எடுத்து முன்னால் வைத்து, அதுவே கையால் எடுத்துத் தின்னட்டும் என்று விடுகிற முறை நம் பக்கத்து இளம் பெற்றோரிடையே பரவி வருகிறது. பிரிட்டனைச் சேர்ந்த கில் ராப்லி 2000-களில் இதற்கு ஒரு பெயர் சூட்டி விளக்கிச் சொன்னார். ஆனால் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு, தட்டில் அது கை வைத்து அளைய அளையச் சாப்பிடுவது நம் வீடுகளுக்குப் புதிதன்று. கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மகனுக்கு ஐந்தரை மாதம். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை நோக்கித் தாவுகிறான். "புள்ள ஏங்கிப்போயிடும், ஒரு வாய் குடு" என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். இந்த வயதில் குழந்தை சாவிக்கொத்தைக் கண்டாலும் கைப்பேசியைக் கண்டாலும் இப்படித்தான் தாவும்; அது பசி அன்று, கைக்கு எட்டுவதை வாயில் வைத்துப் பார்க்கும் ஆவல். 180 நாள் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாள் கணக்கோடு மூன்று அடையாளங்களும் சேர்ந்து வர வேண்டும்: லேசான பிடிமானத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்து தலையை ஆடாமல் நிறுத்த வேண்டும், பார்த்த பொருளைத் தானே எட்டிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளிவிடக் கூடாது. அதுவரை நீங்கள் சாப்பிடும்போது அவனையும் மடியில் வைத்து, கையில் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுங்கள். திருவந்திபுரத்திலோ மணக்குள விநாயகர் கோயிலிலோ அன்னப்பிராசனம் செய்ய நினைத்திருந்தால், ஆறு மாதம் முடிந்த பிறகு நாள் பாருங்கள்.

தானே சாப்பிடும் முறை பற்றிப் பார்க்கிற படங்களில் எல்லாம் பிராக்கோலியும் அவகாடோவும்தான் இருக்கின்றன. நம் வீட்டில் சோறு, குழம்பு, ரசம்தான். இதை ஆறு மாதக் குழந்தை எப்படிக் கையால் எடுக்கும்? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் சமையல்கட்டில் இல்லாத எதுவும் இதற்குத் தேவையில்லை.

முதலில் கையைப் புரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதக் குழந்தை பொருளை உள்ளங்கை முழுவதாலும் இறுகப் பற்றும். பற்றியதை விரித்து உள்ளிருப்பதை எடுக்கத் தெரியாது. ஆகவே துண்டு அதன் கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் அளவு நீளமும் பருமனும் சரியாக இருக்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பருக்கையைப் பொறுக்குவது சுமார் ஒன்பது மாதத்தில் வரும். உதிரிச் சோறும் மசித்த பயறும் அப்போது தாமாகவே வாய்க்குப் போகும்.

அடுத்தது பதம். வேக வைத்த துண்டை உங்கள் இரு விரல்களுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்துங்கள். நசுங்கிக் கூழாக வேண்டும். வழுக்கிக்கொண்டு தெறித்தாலோ, நார் நாராகப் பிரிந்தாலோ அது ஆகாது. பல்லில்லாத ஈறுக்கு உங்கள் விரலின் அழுத்தமே அளவு. இந்தச் சோதனையில் பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, குழைய வெந்த கேரட், தோல் சீவி ஆவியில் வேக வைத்த ஆப்பிள் எல்லாம் தேறும். முருங்கைக்காயும் பனங்கிழங்கும் தேறா. முருங்கையின் உள்சதையை வழித்துச் சோற்றில் பிசையலாம். வாழைப்பழத்தைப் பாதி உரித்து, அடிப்பாதித் தோலைக் கழுவி அப்படியே விட்டால், வழுக்காமல் பிடிக்க அதுவே கைப்பிடியாகிவிடும்.

இட்லியை நீளவாக்கில் மூன்றாக நறுக்கி, உப்பில்லாத பருப்புத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். நனைக்காத இட்லி வாயில் மாவாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சோற்றைக் குழைய வடித்து, வெந்த துவரம்பருப்பும் கொஞ்சம் நெய்யும் விட்டுப் பிசைந்து, பிடிகொழுக்கட்டை பிடிப்பதுபோல உங்கள் நான்கு விரல் தடமும் பதியப் பிடித்து வையுங்கள். முதல் சில நாள் அது குழந்தையின் கையில் நசுங்கி, பாதி முழங்கை வரை வழியும், மீதி கன்னத்தில் ஒட்டும், நாக்கு நுனியில் படுவது கொஞ்சம்தான். அது போதும். தயிர்ச் சோற்றையும் இப்படியே பிடிக்கலாம்.

குழம்பு வைக்கும்போது உப்பும் மிளகாய்த் தூளும் போடுவதற்கு முன், வெந்த காயையும் பருப்பையும் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். ஒரே அடுப்பில் எல்லாருக்கும் சமையல் முடிந்துவிடும். மஞ்சள், சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை வாசம் எல்லாம் குழந்தைக்கும் ஆகும். புதுச்சேரிக்காரர்கள் பலரும் பாகெத் ரொட்டியைக் கையில் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். மேலோடு கெட்டி, உள்பகுதி வாயில் பிசினாக உருளும், உப்பும் உண்டு. ஒரு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு மாத மகள் கேரட் துண்டைத் தின்னும்போது முகம் சிவந்து ஓங்கரித்தாள். என் அம்மா பயந்துபோய் வாயில் விரலை விட்டு எடுத்தார். இனி மசித்துத்தான் தர வேண்டும் என்கிறார். இந்த முறை ஆபத்தானதா? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. அதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஆனால் நடந்தது மூச்சடைப்பு அன்று. பெரியவர்களுக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் தொண்டைக்கு அருகில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது நாக்கில் முன்னே தள்ளி இருக்கிறது. பெரிய துண்டு உள்ளே போகுமுன் அதை வெளியே தள்ளிவிடுகிற காவல் அது. அப்போது சத்தம் வரும், இருமல் வரும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் கோக்கும், துண்டு முன்னுக்கு வரும். பெரும்பாலும் குழந்தை அடுத்த துண்டுக்குக் கை நீட்டும். மூச்சடைப்பில் சத்தம் இராது. அழுகையும் இருமலும் நின்றுவிடும். உதடு நீலம் பாரிக்கும். இந்த வேறுபாடு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் 206 குழந்தைகளை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தானே சாப்பிட்ட குழந்தைகளுக்கும் கரண்டியால் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கும் மூச்சடைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓங்கரிப்பு மட்டும் ஆறாம் மாதத்தில் முதல் பிரிவில் கூடுதலாகவும் எட்டாம் மாதத்தில் குறைவாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பெற்றோருக்கு எந்த உணவு அடைக்கும், எப்படி நறுக்க வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முழுத் திராட்சை, வேர்க்கடலை, முந்திரி, பொரி, பச்சைக் கேரட், முழுக் கொண்டைக்கடலைச் சுண்டல், முறுக்குத் துண்டு ஆகியவை ஆகவே ஆகா. பண்ருட்டிப் பலாச்சுளை நம் வீடுகளில் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் ஆளுக்கொரு சுளையைக் குழந்தையின் கையிலும் கொடுத்துவிடுகிறார்கள். வழவழப்பும் நாரும் சேர்ந்த அந்தச் சுளை எளிதில் தொண்டைக்கு நழுவும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். படுத்தபடியோ, தவழ்ந்தபடியோ, ஓடும் பைக்கில் மடியில் இருந்தபடியோ கூடாது. தின்று முடிக்கும் வரை ஒருவர் எதிரில் இருக்க வேண்டும்.

வாயில் விரலை விட்டுத் துழாவ வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் இன்னும் உள்ளே தள்ளிவிடும். உண்மையிலேயே அடைத்துக்கொண்டால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடு எலும்பை ஐந்து முறை அழுத்த வேண்டும். துண்டு வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்க, இன்னொருவர் உடனே 108-க்கு அழைக்க வேண்டும். இதைப் படித்தால் மட்டும் போதாது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

உப்பு, சர்க்கரை, தேன் எப்போது சேர்க்கலாம்? (நெல்லிக்குப்பம்)

உப்பு ஒரு வயது வரை வேண்டாம். சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் இரண்டு வயது வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி நரம்பைத் தளர்த்திவிடும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகா. சேனை வைக்கிற வழக்கமுள்ள வீட்டார் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நாங்கள் கடற்கரையில் இருக்கிறோம், மீன் இல்லாத நாளே கிடையாது. குழந்தைக்கு என்ன மீன், எப்போது? (தேவனாம்பட்டினம், கடலூர்)

ஆறு மாதம் முடிந்ததுமே கொடுக்கலாம். இரும்பும் புரதமும் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் ஒருசேரக் கிடைக்கும் உணவு உங்கள் வாசலிலேயே வந்து இறங்குகிறது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற சிறிய மீன்களை எடுங்கள். மஞ்சள் மட்டும் சேர்த்து வேக வைத்து, ஆறியதும் நடு முள்ளை உருவிய பிறகு, சதையை வெள்ளைத் தட்டில் பரப்பி ஒவ்வோர் இணுக்காக விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மயிர்முள் விரலுக்குத் தப்பாது. ஒருவர் தடவியதை இன்னொருவரும் தடவட்டும். பிறகு மசித்த கிழங்கோடு சேர்த்து விரல் நீளத்துக்கு உருட்டுங்கள். சுறா வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து தருவது நம் கரையில் பாசத்தோடு செய்வதுதான். ஆனால் பெரிய மீன்களைத் தின்று வளரும் சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், ஆகவே தாய்க்கும் அது தகாது. கருவாடு உப்பின் காரணமாக ஆகாது.

முட்டையையும் வேர்க்கடலையையும் ஒவ்வாமை வரும் என்று ஒரு வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். சரியா? (அரியாங்குப்பம்)

அது பழைய அறிவுரை. ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், சிறு வயதிலேயே வேர்க்கடலை உணவைத் தொடங்கியவர்களுக்கு அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. கடலையை வறுத்து நைசாகப் பொடித்துச் சோற்றில் கலக்க வேண்டும். முழுதாக ஐந்து வயது வரை கூடாது. முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காமல், காலையில், சிறிதளவில் தொடங்கிக் கவனியுங்கள். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையானால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

எட்டு மாதம். எடுத்து வைப்பதில் முக்கால்வாசி தரைக்குத்தான் போகிறது. வயிறு நிறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊட்டி விடட்டுமா? (பண்ருட்டி)

ஆறு முதல் எட்டு மாதம் வரை, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 200 கலோரி. அதை இரண்டு மூன்று வேளையில் கொடுக்கலாம். ஒரு வயது வரை அதற்கு வேண்டிய ஆற்றலில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலே தருகிறது. ஆகவே தரையில் கிடக்கும் இட்லியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் குறிக்கும் கோட்டைப் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால் நல்லது. இரண்டு மாதமாகத் தட்டையாக ஓடினாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று, இரும்புச்சத்து. பிறக்கும்போது சேமித்து வந்தது ஆறு மாத அளவில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. தானே தின்னும் குழந்தை வாழைப்பழத்தையும் பரங்கிக்காயையும் மட்டுமே சப்பிக்கொண்டிருந்தால் வயிறு நிறைந்தும் இரத்தம் குறையும். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், கோழி, நன்றாக மசித்த பயறு ஆகியவற்றில் ஒன்று தட்டில் இருக்கட்டும். சைவக் குடும்பமானால் பருப்பில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள், இரும்பு உடலில் ஏற அது உதவும். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்துதான் மிகுதி. அதையே இரும்புக்கும் நம்பியிருக்க வேண்டாம். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் வாரம் இரு முறை 1 மில்லிலிட்டர் இரும்புச்சத்து டானிக் தருகிறார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல் கொடுங்கள். அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் கலந்திருப்பதால் மேலும் இனிப்புச் சேர்க்காதீர்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மேலே சொன்ன மாதக் கணக்கு பொருந்தாது. எப்போது தொடங்குவது என்பதையும் இரும்பு மருந்தின் அளவையும் அதைப் பார்க்கிற மருத்துவரே சொல்ல வேண்டும்.

மகள் வேலைக்குப் போகிறாள். பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "ஊட்டாதேம்மா, அவனே சாப்பிடட்டும்" என்கிறாள். நான்கு பிள்ளைகளை ஊட்டி வளர்த்த கை இது. நான் செய்தது தப்பா? (வில்லியனூர்)

தப்பே இல்லை, அம்மா. ஊட்டுவதும் தானே தின்பதும் ஒன்றுக்கொன்று பகை அன்று. அவன் முன்னால் மூன்று துண்டுகளை வையுங்கள். கூடவே நீங்கள் பிசைந்த பருப்புச் சோற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கையை அவன் வாய்க்குக் கொண்டுபோகாமல், அவன் கண்ணுக்கு எதிரில் நிறுத்துங்கள். அவனாக வாயைத் திறந்து முன்னால் வந்தால் கொடுங்கள். முகத்தைத் திருப்பினாலோ வாயை இறுக மூடினாலோ அத்துடன் நிறுத்திவிடுங்கள். காக்காய் காட்டியும் போனில் பாட்டுப் போட்டும் இன்னும் நாலு வாய் திணிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். போதும் என்று அவன் வயிறு சொல்வது அவனுக்கே கேட்காமல் போய்விடும்.

கீழே பழைய புடவையை விரித்து, சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வையுங்கள். அவன் கையையும் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, அவனுடைய நகத்தை வாரம் ஒருமுறை வெட்டிவிடுங்கள். நீங்களும் உங்கள் தட்டைப் போட்டுக்கொண்டு அவன் எதிரிலேயே சாப்பிடுங்கள். மெல்லுவதை அவன் உங்கள் வாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வான். கடைசியில் காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சின்ன டம்ளரில் ஊற்றி நீங்கள் பிடித்துக்கொள்ள, அவன் இரண்டு மிடறு குடிக்கட்டும்.