பெரியப்பாவின் மீன் கொப்பி

அன்புள்ள ஐயா,
நான் திருகோணமலை உவர்மலையில் இருந்து உயிரியல் படிக்கிறேன். லொட்கா–வொல்தெரா சமன்பாட்டை வைத்து, இரை மீனும் அதைத் தின்னும் மீனும் கூடிக் குறைவதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன். இதற்குப் பைதன் நல்லதா, மட்லாப் நல்லதா? இனி உயிரியலுக்குக் கணினி போதும், கடலுக்குப் போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சரியா?

அன்புள்ள தம்பி,

பைதன் படியுங்கள், காசு கேட்காது. அதில் யோசிக்க வேறொன்றும் இல்லை.

கடைசி வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. போன கிழமை திருக்கடலூரில் கரைவலை இழுப்பதைப் பார்த்து நின்றபோதும் இதுதான் மனதில் ஓடியது.

வித்தோ வொல்தெரா கணிதக்காரர். மீன் கணக்கைப் புரட்டியவர் அவர் மகளை மணந்த உயிரியலாளர் உம்பெர்த்தோ டான்கோனா. இத்தாலிக்குக் கிழக்கே உள்ள அத்ரியாட்டிக் கடலின் கரையில், ஃபியூமே என்ற துறைமுகச் சந்தைக்கு வந்த மீனில் சுறா, திருக்கை வகை 1914இல் நூற்றுக்கு 12 அளவில் இருந்தது. 1918இல் 36. 1923இல் 11க்கும் கீழே. முதல் உலகப்போரில் மீன்பிடி குறைந்திருந்தது. அப்படியென்றால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும், சுறாவுக்கு மட்டும் ஏன் யோகம்? 1926இல் வொல்தெரா விடை எழுதினார். வலை இரண்டையும் அள்ளினாலும், மிதமாகப் பிடிக்கும்வரை இரை மீனின் சராசரி கூடும், தின்னும் மீனின் சராசரி இறங்கும். வலை ஓய்ந்தால் தலைகீழ். கணினியே இல்லாமல் இரண்டு சமன்பாட்டில் சொன்னார்.

ஆனால் போருக்கு நடுவிலும் யாரோ ஒருவர் அந்தச் சந்தை மீனை இனம் பிரித்து எழுதியிருக்கிறார், தம்பி. அவர் எழுதாமல் விட்டிருந்தால் கேள்வியே பிறந்திராது.

என் பெரியப்பா சம்மாட்டி, வலையும் தோணியும் வைத்துத் தொழில் நடத்தியவர். கரையில் இருந்த வாடிக் கொட்டிலில் ஒரு கொப்பி வைத்திருப்பார். சாளை எத்தனை கூடை, சூரை எத்தனை, சுறா எத்தனை. எங்கள் கடலுக்கும் போர் வந்தது. தொழிலுக்குப் போகத் தடை விழுந்த நாளிலும் திகதி போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இழுப்பார். "ஒண்டும் படேல்லையே, என்னத்துக்கு எழுதுறீங்கள்?" என்று கேட்டேன். "இல்லை எண்டதும் கணக்குத்தான்" என்றார்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் வாடியோடு கொப்பிகளும் போயின. அத்ரியாட்டிக்கில் நடந்தது கொட்டியாறுக் குடாவிலும் நடந்ததா என்று பார்க்க என்னிடம் இருந்த ஒரே வழி அது. அவர் இருந்த காலத்தில் ஒரு பக்கத்தைக்கூட நான் பிரதி எடுத்து வைக்கவில்லை.

நீங்கள் "தேவையில்லை" என்கிறீர்கள். உங்கள் நிரலில் சுறா சாகும் வீதம் என்று ஒரு எண் போட்டிருப்பீர்களே, அது எந்தக் கடலின் சுறா? யார் எண்ணியது? இதைக் கேட்காமல் வளைகோடு வரைந்து காட்ட வெட்கமாக இல்லையா?

கோபிக்காதீர்கள், பிள்ளை. ஞாயிறு விடியக்காலை கரைக்கு வாருங்கள், வலை ஏறும்போது நானும் நிற்பேன். கொப்பியோடு பென்சில் கொண்டுவாருங்கள். பேனை மை ஈரத்தில் ஊறிவிடும்.