குழந்தையைத் தூக்கலாமா, டாக்டர்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பயத்தைச் சுற்றியவை: "என்னிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றிவிடுமா?" எந்த வைரஸ் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த வழியை மட்டும் அடைத்தால் போதும். பிள்ளையை விட்டே விலக வேண்டிய நிலை அபூர்வம்.

எனக்கு ஏழாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தைக்கும் வந்துவிடுமா? பால் கொடுக்கலாமா? கீழாநெல்லி சாப்பிட்டால் சரியாகுமா? (வாசகி, விழுப்புரம்)

முதலில் அந்தத் தனித் தட்டைப் பரணில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ ஈரலைத் தாக்கும் இந்த வைரஸ் பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் இவைதான் இதன் பாதைகள். தனியாக வைக்க வேண்டியவை பிளேடு, நகவெட்டி, டூத்பிரஷ். உலர்ந்த ரத்தத்துளியில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கணவருக்கும் பரிசோதனை செய்து, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் பிறக்கும் நேரத்தில்தான். ஒன்றும் செய்யாமல் விட்டால், வைரஸ் மும்முரமாகப் பெருகும் தாய்மாருக்குப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏழு முதல் ஒன்பது பேருக்குத் தொற்றும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானே போய்விடுகிற கிருமி, பச்சிளம் குழந்தைக்கு வந்தால் பத்தில் ஒன்பது பேரிடம் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. பிற்பாடு ஈரல் கெடுவது அதனால்தான்.

தடுக்க இரண்டு ஊசிகள் இருக்கின்றன. பிறந்தவுடன், 12 மணி நேரம் தாண்டாமல், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள எதிர்ப்புச் சக்தி. அப்புறம் 6, 10, 14 வாரங்களில் வழக்கமான பென்டாவேலன்ட் ஊசியிலேயே மீதி வந்துவிடும். தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். இம்யூனோகுளோபுலின் விலை கூடியது, நினைத்த கடையில் கிடைக்காது. எட்டாம் மாதத்திலேயே பிரசவம் பார்க்கும் இடத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். நள்ளிரவில் வலி வந்தபின் தேட முடியாது.

என்னிடம் ஒரு குழந்தையை மூன்றாம் நாள் தூக்கி வந்தார்கள். தாயின் அட்டையைப் புரட்டினால், கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் 'பாசிட்டிவ்' என்று இருந்தது. பிரசவ அறையில் யார் கண்ணிலும் அது படவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். கூட வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, வைரஸ் அளவு எவ்வளவு என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால் கடைசி மூன்று மாதங்களுக்கு, வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். குழந்தைக்கு 9 மாதம் முடிந்தபின் ஒரு ரத்தப் பரிசோதனை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும், ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி வெளியேற்றிவிடுங்கள்.

கீழாநெல்லிக்கு வருவோம். 1988-ல் சென்னையில் இதை வைத்து நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மைதான். இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்கும் அதில் பங்கெடுத்தார். ஆனால் பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் பிறக்கப்போகும் குழந்தைக்கு அது காவல் இல்லை. கர்ப்பத்தில் வேண்டாம்.

இடுப்பில் அக்கி. குயவர் வீட்டில் காவி எழுதிவிட்டு வந்தேன். 8 மாதப் பையனைத் தூக்கலாமா? (வாசகர், மணப்பாறை)

தூக்கலாம், கொப்புளத்தை மூடிக்கொண்டு. சின்ன வயதில் உங்களுக்கு வந்த சின்னம்மையின் வைரஸ்தான் நரம்பில் பதுங்கியிருந்து இப்போது அக்கியாக எழும்பியிருக்கிறது. பையனுக்குத் தொற்றினால் அக்கி வராது, அம்மை வரும். கொப்புளத்து நீர் பட்டால்தான் தொற்றும் என்பதால், பருத்தித் துணியால் மூடிக் கட்டி, மேலே பனியன் போட்டு, கையைக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை துண்டும் போர்வையும் தனி. காவி உங்கள் மனதுக்குச் சரி, ஆனால் கிருமியை அது கொல்லாது. கொப்புளம் கிளம்பி மூன்று நாளுக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். இதைப் படித்ததும் டாக்டரிடம் கிளம்புங்கள்.

அம்மையின் கதை வேறு, அது காற்றிலேயே பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். வாசலில் வேப்பிலை செருகுவதற்குள் வீட்டுக்குள் பரவியிருக்கும் என்பது அதனால்தான். ஆனால் வேப்பிலையைப் பார்த்து வெளியாட்கள் வராமல் இருப்பது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள்.

கணவருக்கு உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம். குழந்தை பிறந்து 12 நாள். அவர் முத்தம் கொடுக்காமல் இருக்க மாட்டேன் என்கிறார். (வாசகி, ஈரோடு)

இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். இந்தக் கொப்புளத்தைக் கிளப்புவது ஹெர்பிஸ் வைரஸ். உங்களுக்கும் எனக்கும் நாலு நாள் எரிச்சலோடு போகிற அது, முதல் மாதக் குழந்தைக்கு மூளை, ஈரல் வரை போய் உயிரையே எடுக்கலாம். பொருக்கு உதிரும்வரை முத்தம் கூடாது, பாதத்தில்கூட. கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு தூக்கட்டும். பெயர் வைக்கும் விழாவுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கும் இதே சட்டம்தான், பழியை டாக்டர் மேல் போடுங்கள். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, கொப்புளம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனை.

எனக்கு மெட்ராஸ் ஐ. குழந்தையைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே? (வாசகி, நாகர்கோவில்)

பார்வையால் ஒட்டாது, விரலால்தான் ஒட்டும். நீங்கள் மை தீட்டிக்கொண்ட அதே டப்பாவில் விரலைத் தொட்டுப் பிள்ளைக்குப் பொட்டு வைத்தால் வேலை முடிந்தது. அந்த டப்பாவைத் தூக்கி எறியுங்கள். தலையணை, துண்டு தனி. கண்ணில் தாய்ப்பால் விட வேண்டாம்.

எனக்கு ஃப்ளூ காய்ச்சல். நான்கு மாதக் குழந்தையை மூன்று நாளாக அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன், பவுடர் பால்தான் குடிக்கிறது. (வாசகி, கடலூர்)

இன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி கிடையாது, உங்கள் பாலில் வருகிற எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் கிடைக்கும். பாலில் ஃப்ளூ பரவாது, இருமலிலும் தும்மலிலும்தான். மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவிப் பால் கொடுங்கள். மற்ற நேரம் தொட்டில் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். மூன்று நாளில் பால் குறைந்திருந்தால் பயப்படாமல் அடிக்கடி சப்ப விடுங்கள், ஊறிவிடும்.