பட்டனை அழுத்திய பிறகும் கார் ஏன் குறுக்கிடுகிறது?

டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டனை அழுத்திய பிறகும் வளைவில் கார் தானாக பிரேக் பிடிக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அணைத்தது பாதிதான்; ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்ற இன்னொரு ஏற்பாடு இன்னும் இயங்குகிறது.

டிராக்‌ஷன் கன்ட்ரோல், சக்கரம் வெறுமனே சுழலும்போது என்ஜின் விசையைக் குறைக்கும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் வேலை வேறு. ஸ்டீயரிங் காட்டும் திசையையும் கார் உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாதபோது தேவைப்படும் சக்கரத்துக்கு மட்டும் தனியாக பிரேக் கொடுக்கும். 1995-இல் மெர்சிடிஸ் காரில் முதலில் வந்த இந்த ஏற்பாடு செய்வதை எந்த ஓட்டுநராலும் செய்ய முடியாது. நமக்கிருப்பது ஒரே ஒரு பிரேக் மிதி!

பல கார்களில் பட்டனைத் தொட்டு எடுத்தால் முதலாவது மட்டும் அணையும். சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் இரண்டாவதும் விலகும். சில மாடல்களில் அப்போதும் முழுமையாக விலகாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். எப்படியும் இயங்கும்.

மணலிலோ சேற்றிலோ சிக்கினால் முதலாவதை அணைப்பது நியாயம். இரண்டாவதைப் பந்தயத் தடத்தில் மட்டும் அணையுங்கள். அது இல்லாதபோது, வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் எடை முன்னால் சாயும், பின்சக்கரங்கள் பிடி இழக்கும், காரின் வால் முன்னே வந்துவிடும்.