ஏரிச் சேற்றின் வயது வேறு, ஏரியின் வயது வேறு

கேள்வி: அரியலூர் மாவட்டத்தில் எங்கள் ஊர் ஏரியில் வண்டல் எடுத்தபோது, நாலடி ஆழத்தில் கன்னங்கரேலென்று ஒரு மண் அடுக்கு வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நத்தைக் கூடுகள். ஆக்கிரமிப்பை எதிர்த்து நீதிமன்றம் போக இருக்கிறோம். "கீழடிக்குச் செய்த அதே சோதனைதான். ஏரிக்கு ஆயிரம் வருஷம் என்று சான்றிதழ் வாங்கித் தருகிறேன், 45 ஆயிரம் ஆகும்" என்கிறார் ஒருவர். ஒரு சாக்கு மண் எடுத்து வைத்திருக்கிறோம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சோதனைக்கு முன்பே விடையைச் சொல்கிறவர் சோதனை செய்யப் போவதில்லை. இப்படிப்பட்ட தரகர்களைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். மண்ணை வாங்கிப் போவார்கள், கொஞ்ச நாளில் வெளிநாட்டு ஆய்வகத்தின் பெயர் போட்ட ஒரு தாள் வரும். கீழடிக்குச் செய்தது கார்பன் சோதனை: செத்த உயிர்ப்பொருளில் காலப்போக்கில் குறைந்துகொண்டே வரும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்வது. உண்மையான கார்பன் அறிக்கையில் ஆய்வக எண் இருக்கும், எந்தப் பொருளைச் சோதித்தார்கள் என்று இருக்கும், இத்தனை ஆண்டு முன்பின் என்று பிழை வரம்பும் இருக்கும். மொட்டையாக 1,000 ஆண்டு என்று எந்த ஆய்வகமும் எழுதித் தராது.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்குத்தான் கி.மு. 580 என்று தேதி வந்தது. எந்தக் குழி, எந்த அடுக்கு என்ற பதிவு இருந்ததால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. உங்கள் சாக்கில் மேல்மண்ணும் அடிமண்ணும் ஒன்றாகிவிட்டன. அது உரச் சாக்காக இருந்துவிட்டால் பாஸ்பரஸ் அளவும் கெட்டது. ஏரிக்குள் உரமும் கழிவும் எப்போது வரத் தொடங்கின என்று சொல்வதே அந்தப் பாஸ்பரஸ்தான்.

சரி, மண்ணை ஒழுங்காக எடுத்திருந்தால்? அப்போதும் சிக்கல் உண்டு. நம் ஏரிகளைத் தூர்வாரிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதற்கென்றே நிவந்தம் (அறக்கொடை) வைத்த சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உத்தரமேரூரில் ஏரியைக் கவனிக்கத் தனி வாரியமே இருந்தது. மண்வெட்டி போன இடத்தில் பழைய அடுக்கு தங்காது. ஆயிரம் வருஷத்து ஏரியிலும் அறுபது வருஷத்துச் சேறுதான் கிடைக்கலாம். அதை உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கொடுத்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

மனிதன் கை படாத சதுப்பு வேறு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா பள்ளத்தில், மட்கியும் மட்காமலும் செடிகொடிகள் அடுக்கடுக்காகப் படிந்து கரிச்சேறாகக் கிடக்கின்றன. அதில் இருக்கும் கார்பனின் இரண்டு வகைகளை அளந்து, சூழலியல் அறிஞர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோலை மரங்களும் வெப்பநிலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு வேறு, அந்த அடையாளம் மட்கிய பிறகும் அழிவதில்லை. அதை வைத்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரியில் பருவமழை குறைந்து புல் ஓங்கியிருந்தது என்றும், பிறகு மழை வலுத்தபோது நிலைமை மாறியது என்றும் படிக்க முடிந்தது. இந்த வேலையைச் செய்யத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ முறை அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறேன், இன்னும் வியப்பு அடங்கவில்லை. ஆனால் உங்கள் ஏரியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, அந்தக் கறுப்பு. கறுப்பு என்றால் பழமை என்று அர்த்தமில்லை. அடிச்சேற்றில் காற்று புகாமல் இருந்தால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து கறுத்துவிடும், அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒரு கட்டியை உடைத்து இரண்டு நாள் நிழலில் வையுங்கள். பழுப்பாக மாறினால் இதுதான் காரணம்.

நத்தைக் கூட்டைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவார். நத்தை தன் கூட்டைக் கட்டத் தேவையான கார்பனில் பெரும்பங்கைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறது. உங்கள் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி, சிமென்ட் ஆலைகள் அங்கே வந்ததே அதனால்தான். அந்தக் கல்லில் உள்ள கார்பன் கோடிக்கணக்கான ஆண்டு பழையது, தேதி சொல்லும் கதிரியக்கக் கார்பன் அதில் துளியும் மிச்சமில்லை. கல் தண்ணீரில் கரைகிறது, தண்ணீர் கூட்டுக்குள் போகிறது. ஆக, நேற்று செத்த நத்தைகூடச் சோதனையில் பல நூறு வருஷம், சில இடங்களில் ஆயிரம் வருஷத்துக்கு மேல்கூட, பழையதாகத் தெரியும். தரகர் சொன்ன ஆயிரம் வருஷம் இப்படியே வந்துவிடும், யாரும் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. போதாக்குறைக்கு, அரியலூரில் கடல் இருந்த காலத்துச் சிப்பிகள் ஓடை அரிப்பில் வெளிவந்து கிடக்கின்றன. மழைத் தண்ணீரோடு ஏரிக்குள் அவையும் வரலாம். தேதிக்கு வேண்டியது கரையில் வளர்ந்த செடியின் விதை, இலை, மெல்லிய சுள்ளி. சில மில்லிகிராம் இருந்தாலே போதும்.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை ஏரியின் வயதை யாரும் கேட்கப்போவதில்லை, எல்லையைத்தான் கேட்பார்கள். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் அளந்து எல்லை குறிப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. அ-பதிவேடு (ஊரின் நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்), பழைய நில அளவை ஆவணங்கள், மதகில் கல்வெட்டு இருந்தால் அதன் படி, இவற்றுக்கு அலையுங்கள். வக்கீலோடு உட்காருங்கள்.

மண்ணை வீசிவிடச் சொல்லவில்லை. 1963 வாக்கில் அணுகுண்டுச் சோதனைகளால் உலகம் முழுக்க விழுந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள், சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் ஒருவகை ஈயம், இந்த இரண்டையும் வைத்து, கலையாத மேல்சேற்றில் கடைசி நூறு வருஷத்தைப் பிரித்துவிடலாம். உரமும் ஆலைத் தூசும் ஏரிக்குள் எப்போது வரத் தொடங்கின என்று அதிலிருந்து தெரியும். இதற்குத் தோண்டாத இடத்தில் மூன்று அங்குல பிவிசி குழாயை நேராக இறக்கி, இரண்டு முனையும் மூடி, எது மேல்பக்கம் என்று எழுதி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பல்கலைக்கழகத்து மண்ணியல் (ஜியாலஜி) துறையை நேரில் போய்ப் பாருங்கள். கடிதத்துக்கு மேல் கடிதம் கேட்பார்கள், சலிக்காதீர்கள். நான் எடுத்த குழாய்களே ஒரு நிறுவனத்தில் கொள்முதல் கோப்பில் ஒரு கையெழுத்துக்காக 14 மாதம் கிடந்து, காய்ந்து வெடித்தன. வண்டல் அள்ள அனுமதி கேட்டால் எத்தனை கனமீட்டர் என்று கேட்கிறார்கள். ஓர் ஓரத்தைத் தொடாமல் விடு என்று சொல்ல ஒரு வரி இல்லை.

ஏரியின் வயதையே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் தேட வேண்டிய இடம் கரைக்கு அடியில் இருக்கிறது. கரையைக் கொட்டிய அன்று அதன் கீழே மாட்டிக்கொண்ட பழைய தரையை எந்தத் தூர்வாரலும் தொட்டிருக்காது. அந்தத் தரையில் கிடக்கும் விதையும் சருகும் கரை எழுந்த காலத்துக்கு மிக அருகில் வரும். தயவுசெய்து அதற்காகக் கரையைத் தோண்டிவிடாதீர்கள், ஒரு மழைக்கு ஊரே போய்விடும். பழைய மதகை இடித்துப் புதிது கட்டும்போது ஏரியைப் பராமரிக்கும் துறைக்காரர்களே கரையை வெட்டித் திறப்பார்கள். மறுநாளே கான்கிரீட் போட்டு மூடியும் விடுவார்கள். எப்போது திறக்கப்போகிறார்கள் என்று ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்து, அன்று காலை மண்ணியல் ஆள் ஒருவரை அங்கே நிறுத்துங்கள்.